அட்டவணை 7.4

அத்தியாயம் 17

"இந்தப் பக்கத்துல என் தம்பி சாகவே இல்லையேம்மா."

ஜெபராணி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. காலண்டர் சீசன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆஃப்செட் எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த அறையில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அவள் கத்தவில்லை. ஆனாலும் எதிரே இருந்த ஸ்ரீமதிக்கு ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. புரூஃப் மேசையில் நானூறு பக்கங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் எம். புதுப்பட்டிக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் ஜெபராணி வந்திருந்தாள்.

பட்டாசு வேலை நடக்கும் நாற்பத்தாறு ஊர்களில், இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி, தீக்காயம், கண், நுரையீரல் என்று ஆள் ஆளாகக் கேட்டு ஃபாரம் நிரப்பிய நர்ஸ் அவள். விருதுநகரில் உள்ள ஆய்வு மையம் அந்த ஃபாரங்களை இருநூற்றுப் பன்னிரண்டு அட்டவணைகளாக்கி அச்சுக்குக் கொடுத்திருந்தது. "காலண்டர் அடிக்கிற கம்பெனிக்கு இந்தத் தலைவலி எதுக்கு?" என்று ஹரிபிரசாத் தன் மனைவி ஸ்ரீமதியோடு மூன்று நாள் பேசாமல் இருந்ததும், புள்ளியியல் படித்த மருமகள் ஆசைப்படுகிறாளே என்று மாமனார் நல்லசிவம் ஆர்டரை ஏற்றுக்கொண்டதும் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

"எந்தப் பக்கம்க்கா?"

ஜெபராணி விரலை எடுக்காமல் தாளைத் திருப்பிக் காட்டினாள். அட்டவணை 7.4. சிகிச்சை கிடைக்கும் முன் வழியிலேயே இறந்தவர்கள். எம். புதுப்பட்டிக்கு நேரே 2 என்று இருந்தது.

"ஒம்பது வரணும். ஒம்பதாவது ஆளு ஜெயசுந்தர்."

ஸ்ரீமதி அந்த 2-ஐ இன்னொரு தடவை பார்த்தாள். நானூறு பக்கத்தில் எந்தப் பக்கம் தப்பாக இருந்தாலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிச் சமாளிக்கலாம். இந்தப் பக்கத்தில் முடியாது. வெள்ளிக்கிழமை காலை விருதுநகரில் கூடும் குழு, தீக்காயத்துக்கான அவசரச் சிகிச்சை மையம் இரண்டை எந்த இரண்டு ஊரில் வைப்பது என்று முடிவெடுக்கப்போகிறது. முடிவு இந்த அட்டவணையை வைத்துத்தான். ஒன்பது என்றால் எம். புதுப்பட்டி மேலே இருக்கும். இரண்டு என்றால் கணக்கிலேயே இருக்காது.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். எட்டு வருஷத்துக்கு முன் இதே ஆய்வு மையத்துக்கு, இதே அச்சகம் அடித்துக்கொடுத்த பழைய அறிக்கை அடியில் கிடந்தது. அதிலும் 7.4 இருந்தது. அதில் எம். புதுப்பட்டிக்கு நேரே 2.

சின்ன மாமா!

செந்தூர்பாண்டி நல்லசிவத்தின் தம்பி. இருபத்தாறு வருஷமாக இந்த அச்சகத்தின் பக்கங்களை வடிவமைக்கிறவர். ஸ்ரீமதி போனபோது கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு காலண்டர் முருகன் கையில் இருந்த வேலை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சின்ன மாமா, அறிக்கையோட அட்டவணையெல்லாம் புதுசாப் போட்டீகளா, பழைய ஃபைல் மேலயா?"

"பளசு மேலதான். பின்ன? கட்டம் கட்டமா மொதல்ல இருந்தா போடுவாக? ஊரு அதே ஊரு, தலைப்பு அதே தலைப்பு. நம்பரை மட்டும் ஏத்துனேன்."

அவர் சொன்னதில் ஒளிவு மறைவு இல்லை. இந்த ஊரில் அடுத்த வருஷக் காலண்டரை யாரும் வெறுந்தாளிலிருந்து தொடங்குவதில்லை. போன வருஷ ஃபைலைத் திறப்பார்கள். புதுப் பெயர் வைப்பார்கள். பழைய தேதி மேல் புதுத் தேதியை ஏற்றுவார்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் பழசு தங்கிவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஞாயிறு சிவப்பில் இல்லையென்றால் மளிகைக் கடைக்காரர்கூட போன் போட்டுத் திட்டுவார். ஆனால் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒன்பதைப் போலவே இரண்டும் லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீமதி கையில் கிடைத்த பத்து அட்டவணைகளை எடுத்து, மையம் அனுப்பிய தரவுக் கோப்போடு ஒப்பிட்டாள். மூன்றில் பழைய எண்கள். அப்படியென்றால் மொத்தத்தில் அறுபதுக்கு மேல் இருக்கும். எந்த அறுபது?

"எனக்கு ஒண்ணு சொல்லணும் தாயி," என்றார் செந்தூர்பாண்டி, திரையைப் பார்த்தபடியே. "அந்தப் பொடி எளுத்து ஒரு வருஷமாவே எனக்குச் சரியாத் தெரியல. கண்ணுல பொரை விளுந்திருக்காம். சீசன் முடியட்டும்னு தள்ளிப்போட்டேன். கை பளகுன இடத்துல கை போயிரும்லா, அந்தத் தைரியம்."

அவர் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. அது ஸ்ரீமதியைத்தான் சுட்டது. ஏனென்றால் அவளுக்கு அது தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும்.

பிப்ரவரியில், அறிக்கையை எந்த சாஃப்ட்வேரில் செய்வது என்ற பேச்சு வந்தபோது, அவள் ஒரே அத்தியாயத்தை மூன்று விதமாகச் செய்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒன்று, எல்லா ஆபீஸிலும் இருக்கிற வேர்டு. கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் நல்லது. இவ்வளவு அட்டவணைகளைச் சுமந்துகொண்டு அவளால் அதில் நகர முடியவில்லை. நடுவில் ஒரு வரி சேர்த்தால் நாற்பது பக்கம் தள்ளி ஓர் அட்டவணை இரண்டாகப் பிளந்து நின்றது. இரண்டாவது, சின்ன மாமாவின் கையில் பழகிய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர். அழகு அதில்தான். ஆனால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு மனிதக் கை எடுத்து வைக்க வேண்டும். மூன்றாவது, அவள் கல்லூரியில் பழகிய லேட்டெக். அதில் பக்கத்தைக் கையால் அடுக்குவதில்லை. இது தலைப்பு, இது அட்டவணை, எண்கள் இந்தக் கோப்பிலிருந்து வரட்டும் என்று கட்டளைகளாக எழுதிக்கொடுத்தால் புத்தகம் முழுவதையும் அதுவே கட்டித் தரும். கோப்பில் ஓர் எண் மாறினால் புத்தகத்திலும் மாறும். பொருளடக்கம், பக்க எண் எல்லாம் தானே திருந்தும்.

"என்னம்மா செய்யலாம்?" என்று அன்று நல்லசிவம் கேட்டார். விடை அவள் நாக்கு நுனியில் இருந்தது.

அந்த நேரம் சின்ன மாமா மூன்றாவது தாளை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை என்பது ஸ்ரீமதிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மூன்றாவதைச் சொன்னால் அவர் நாற்காலி காலியாகும். காலி செய்தது யார்? பதினோரு வருஷம் முன் வந்த மருமகள்.

"நம்ம பழக்கத்துல உள்ளதே போதும் மாமா," என்றாள்.

அன்றைக்கு அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பூராவும் மனசு லேசாகக்கூட இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அதில் இரக்கம் எவ்வளவு, இந்த வீட்டில் நல்ல பெயர் போய்விடுமே என்ற பயம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. இரக்கம் இருந்திருந்தால் அவரைக் கண் டாக்டரிடம் அல்லவா கூட்டிப்போயிருப்பாள்?

"என்ன கூட்டம் இங்கன?"

ஹரிபிரசாத் எந்திர அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பின்னால் நல்லசிவம். விஷயத்தைக் கேட்டதும் ஹரி சித்தப்பாவைப் பார்க்கவில்லை, ஸ்ரீமதியைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல? முருகனையும் லெச்சுமியையும் அடிச்சு நிம்மதியா இருந்தோம். ஒனக்குப் புள்ளிவிவரம் கேட்டுச்சு."

"ஏலே ஹரி, அவளை ஏன் சொல்லுத? தப்பு என்னோடது," என்றார் செந்தூர்பாண்டி.

"யார் தப்பா இருந்தா என்ன சித்தப்பா? இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைல் என் கைக்கு வரணும். அப்பத்தான் விடியுறதுக்குள்ள அச்சுக்குப் பிளேட் எல்லாம் போட முடியும். நாளைக்கு ஒரு நாள்தான் ரெண்டு மிஷினும் உங்களுக்கு. நாளான்னைக்கு பைண்டிங். மிஷின்ல காலண்டர் ஏறிரும். ஒரு மணி நேரம்கூட தள்ள முடியாது, ஆமா."

ஸ்ரீமதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒருவர் வாசிக்க, ஒருவர் ஒப்பிட்டால் ஓர் அட்டவணைக்குக் கால் மணி நேரம். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஐம்பத்து மூன்று மணி நேரம். கையில் இருப்பது எட்டு.

ஆய்வு மையத்துக்குப் போன் செய்தாள். அறிக்கைப் பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகவே சொன்னார்: "உங்க தப்பை நீங்க திருத்திக்கோங்க. தரவுல ஏதாவது விட்டுப்போயிருந்தா, ஜெபராணி கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருந்தா இன்னைக்கு ஆறு மணிவரை சேர்ப்போம். அதுக்கு மேல கிடையாதும்மா. வெள்ளிக்கிழமை புத்தகம் வரலைன்னா பழைய அறிக்கையை வச்சே குழு முடிவெடுத்துரும்."

பழைய அறிக்கை. அதில் எம். புதுப்பட்டிக்கு இரண்டு.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி கதவோரத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"என்னம்மா செய்யலாம்?" என்றார் நல்லசிவம்.

பிப்ரவரியில் கேட்ட அதே கேள்வி. அதே குரல். ஸ்ரீமதி சின்ன மாமாவின் பக்கம் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் பக்கமே திரும்பினாள்.

"நானூறு பக்கத்தையும் தூக்கிப் போட்டுருவோம் மாமா. லேட்டெக்ல மொதல்லேருந்து கட்டுறேன். எண்ணை யாரும் தொட வேண்டாம். தரவுக் கோப்புலேருந்து அதுவே எடுத்துக்கட்டும்."

"எட்டு மணி நேரத்துலயா? ஆறு மாசம் சித்தப்பா செஞ்ச வேலையை?" ஹரி சிரித்தான். அது சிரிப்பு இல்லை.

"ஆறு மாசம் நான் வாயைத் தொறக்காம இருந்தேங்க. அதுக்கு எட்டு மணி நேரம் கம்மிதான்."

செந்தூர்பாண்டி எழுந்தார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு," என்றார்.

உட்காருவது எளிதாக இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் எளிதாக இல்லை.

பிப்ரவரியில் எழுதிவைத்த கட்டளைகள் முப்பது அட்டவணைகளுக்குத்தான் இருந்தன. மற்றவற்றுக்கு எழுத வேண்டும். பதினோரு அத்தியாயங்களின் விளக்கவுரை பழைய எழுத்துருவில் அடித்திருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிப் போட்டால் பாதித் தமிழ் வந்தது, மீதி வெறும் கட்டங்களாக வந்தது. டி.டி.பி.யில் இருந்த இரண்டு பெண்களும் ஆளுக்கு ஐந்தும் ஆறுமாக அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு எழுத்துகளைச் செப்பனிட்டார்கள். ஜெபராணி பஸ்ஸை விட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைச் சரிபார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு முதல் தடவை ஓட விட்டாள். பதினேழாம் பக்கத்தில் நின்றது. எங்கோ ஓர் அடைப்புக்குறியை மூடவில்லை. மூடினாள். அறுபத்து மூன்றில் நின்றது. ஒன்றரைக்கு நூற்றுப் பத்தொன்பதில் நின்றது. திரையில் சிவப்பாக வரும் அந்தப் பிழைச் செய்தி ஒவ்வொன்றும் நெஞ்சில் நகம் வைத்துக் கீறுவதுபோல் இருந்தது. வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே ஆறியது.

இரண்டே காலுக்குப் புத்தகம் முழுதாக வந்தது. ஒரு கணம் அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. பிறகு பக்கங்களைப் புரட்டினாள். அட்டவணைகளில் கடைசிப் பத்திகளைக் காணோம். ஆண், பெண், மொத்தம், அதற்கு அப்புறம் வெள்ளை.

அவள் மேசை மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முடியாது. முடியவே முடியாது. மூன்றரை மணி நேரம்கூட இல்லை... இருக்கிறது, மூன்றே முக்கால் இருக்கிறது. இருந்து என்ன? பிப்ரவரியில் வாயைத் திறந்திருந்தால் இதையெல்லாம் மார்ச்சிலேயே அழுது முடித்திருக்கலாம்.

"என்ன தாயி, சொல்லு. எனக்குத்தான் கண்ணு தெரியாது, காது நல்லாக் கேக்கும்," என்றார் பின்னாலிருந்து செந்தூர்பாண்டி. காலையிலிருந்து அவர் அந்த அறையை விட்டுப் போகவே இல்லை.

"கடைசிப் பத்தி எல்லாம் காணாமப் போகுது சின்ன மாமா."

"எல்லா அட்டவணையிலயுமா?"

"இல்ல... சிலதுல."

"அந்தச் சிலதுல அப்படி என்ன இருக்கு, மத்ததுல இல்லாம?"

அவள் நிமிர்ந்தாள். தலைப்பில் சதவீதக் குறி இருந்த அட்டவணைகள் மட்டும்! லேட்டெக்கில் அந்தக் குறி வந்தால், அதற்குப் பின் அந்த வரியில் உள்ள எதையும் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. புள்ளிவிவர அறிக்கை முழுக்க சதவீதம்தான். அறுநூற்றுச் சொச்சம் குறிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு சேர்க்க ஒரே கட்டளை போதுமானதாக இருந்தது.

பத்திகள் திரும்பி வந்தன. பக்கங்களை எண்ணினால் நானூற்று முப்பத்தொன்று.

"போச்சு," என்றான், எட்டிப் பார்க்க வந்த ஹரி. "அட்டை அடிச்சு லேமினேஷன் முடிஞ்சு கிடக்கு. நானூறு பக்கத்துக்கு அளவெடுத்த முதுகு அது. முப்பது பக்கம் கூடுனா முதுகுல இருக்கிற தலைப்பு கன்னத்துக்கு வந்துரும்."

அவன் கேலியாகச் சொன்னாலும் அவன் கையில் டீ இருந்தது. அவளுக்கு என்று கொண்டுவந்த டீ. அவள் அதைக் கவனித்தாள். நன்றி சொல்ல நேரமில்லை.

செந்தூர்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். "அத்தியாயம் எல்லாம் வலது பக்கத்துலதான் தொடங்குதா?"

"ஆமா."

"யாரு கேட்டா? அதுல எட்டொம்பது பக்கம் வெறுசாக் கிடக்கும். எந்தப் பக்கத்துலயும் தொடங்கட்டும்னு மாத்திரு. அட்டவணை வரிக்கு இடையில கொஞ்சம் இறுக்கு. ரொம்ப இறுக்காத, மூச்சு முட்டும். மேல் விளிம்புல அரை சென்டிமீட்டர் எடு. கீளே எடுக்காத, கட்டிங்ல போயிரும்."

திரையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். இருபத்தாறு வருஷத்துப் பக்கங்கள் அவர் இமைக்குள்ளே விரிந்து கிடப்பதுபோல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்று ஐந்து. நானூற்று இரண்டு.

"வாள்த்துரை எத்தனை?"

"மூணு பேர் எழுதியிருக்காக. ஆளுக்கு ஒரு பக்கம்."

"மூணு பேரையும் ஒரே பக்கத்துல உக்கார வை. சண்டை போட்டா வெள்ளிக்கிளமைக்கு மேல போடட்டும்."

ஹரி வாய்விட்டுச் சிரித்தான். காலையிலிருந்து அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. ஸ்ரீமதிக்கும் உதடு கோணியது. சிரிப்புதான் வந்தது, ஆனால் கண்ணில் நீராக.

நானூறு.

மணி ஐந்து பத்து. நல்லசிவமே வந்து சோதித்தார். மையத்தின் கோப்பை ஒருவர் வாசிக்க, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோன்றிய இடத்தில் எல்லாம் விரலை வைத்தார். இருபது அட்டவணைகள். ஒரு பிழையும் இல்லை. "நெசமாவே யாரும் கை வைக்கலியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அந்த 7.4-ஐக் காட்டும்மா, சிஸ்டர் பாக்கட்டும்," என்றார்.

ஸ்ரீமதி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எம். புதுப்பட்டிக்கு நேரே 8.

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒம்பதுன்னுல்ல சொன்னீக?" என்றான் ஹரி. "ஒன் சாஃப்ட்வேரும் தப்பாத்தான் போடுதா?"

காலையில் பத்து அட்டவணைகளைச் சோதித்தவள் இந்த ஒன்றை மட்டும் கோப்போடு ஒப்பிடவில்லை. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது மையத்தின் கோப்பைத் திறந்தாள். அதிலும் 8. எட்டு ஃபாரங்களின் எண்கள் வரிசையாக இருந்தன. எட்டுப் பெயர்கள். ஜெயசுந்தர் என்ற பெயர் எங்கும் இல்லை.

முதல் ஊரில் சந்தேகம் இல்லை; இரண்டாம் இடத்தில் மேற்கே உள்ள வேறோர் ஊர் இருந்தது. அதற்கும் 8. சமமாக வந்தால் ஜனத்தொகை கூடின ஊருக்கு என்பது குழுவின் விதி. அந்த ஊர் பெரிய ஊர்; எட்டோடு நின்றால் எம். புதுப்பட்டிக்குச் சிகிச்சை மையம் கிடைக்காது.

"நீங்கல்லாம் கொஞ்சம் வெளியே இருங்களேன்," என்றாள் ஸ்ரீமதி. குரலில் என்ன இருந்ததோ, மூன்று ஆண்களும் மறுபேச்சில்லாமல் போனார்கள். டி.டி.பி. பெண்களும் எழுந்து போனார்கள். ஹரி கதவைச் சாத்தும்போது, "அஞ்சு நாப்பது ஆச்சு, ஸ்ரீ," என்று மட்டும் சொன்னான்.

ஜெபராணி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது.

"ஃபாரம் தொலைஞ்சுபோச்சாக்கா?"

ஜெபராணி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு ஃபாரத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் பழுப்பேறிக் கிழியும் நிலையில் இருந்தது. விரித்து மேசையில் வைத்தாள். பெயர், ஜெயசுந்தர். வயது, இருபத்து நாலு. ஊர், எம். புதுப்பட்டி. தொழில், உடல் பரப்பில் தீக்காயம் முப்பது சதவீதம், எல்லாம் எழுதியிருந்தது. கடைசியில் இறந்த இடம் என்று கேட்டு மூன்று கட்டங்கள். வீட்டில், வழியில், மருத்துவமனையில். மூன்றும் வெறுமையாக இருந்தன. கீழே கையெழுத்தும் இல்லை.

"நாப்பத்தாறு ஊரு ஃபாரமும் குடுத்தேன். எங்க வீட்டு ஃபாரத்தை மட்டும் குடுக்க முடியலைம்மா. ரெண்டு வருஷமா பையிலேயே கிடக்கு. ஒம்பது, ஒம்பதுன்னு சொல்லிச் சொல்லி, குடுத்துட்டேன்னே நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"இப்பக் குடுக்கலாம்க்கா. ஆறு மணிவரை டயம் இருக்கு. 'வழியில்'னு டிக் பண்ணி ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்புறேன். கோப்புல ஒம்பதுன்னு மாத்துனாப் போதும், புத்தகம் தானே மாறிக்கும்."

ஜெபராணி பேனாவை எடுத்தாள். கட்டங்களுக்கு மேல் பேனா நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அவன் வழியில சாகலை," என்றாள்.

ஸ்ரீமதிக்குப் புரியவில்லை. போன வருஷம், முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்தபோது, ஆமத்தூர் தாண்டும்போது வேனில் உயிர் போனதை இவள்தான் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் ஸ்ரீமதி இந்த ஆர்டருக்காகச் சண்டை போட்டாள்.

"வெடி விபத்து ஆனதும் அவனை ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போகலை. நர்ஸு வீடு பக்கத்துலதானே இருக்குன்னு எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாக. பைக்ல வச்சுக் கொண்டுபோயிருவோமான்னு ஒரு பையன் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். முப்பது சதவீதம்தான், தாங்குவான், வண்டி வரட்டும்னு சொன்னேன். பேசிக்கிட்டுத்தான் இருந்தான். தண்ணி கேட்டான். வண்டி வரும்போது அவன் போயி அரை மணி நேரம் ஆயிருச்சு." அவள் குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. "ஆனாலும் ஏத்துனேன். அம்மாகிட்ட, ஊர்கிட்ட, வழியில போயிட்டான்னு சொல்லணும்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் எந்திரம் நின்றது. நாளைய வேலைக்குத் துடைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஸ்ரீமதி திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து இவ்வளவு பாடும் பட்டது, மனிதக் கை படாமல் எண்கள் பக்கத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. வந்துவிட்டன. 8 என்று கொடுத்தால் எட்டு. 9 என்று கொடுத்தால் ஒன்பது. இரண்டையும் அது ஒரே நேர்த்தியோடு அடுக்கித் தரும். ஒன்பது என்றால் எம். புதுப்பட்டியில் இனி யாரையும் நர்ஸ் வீட்டுக்குத் தூக்கிவர வேண்டியிருக்காது. மேற்கே அந்த ஊரில் இறந்த எட்டுப் பேருக்கும்கூட அக்காக்கள் இருப்பார்கள்.

"வீட்டில்னு போட்டா எட்டுதான். எங்க ஊருக்குச் சிகிச்சை மையம் வராது. நான் செஞ்சதும் எழுத்துல வந்துரும்," என்றாள் ஜெபராணி. "வழியில்னு போட்டா வந்துரும். என் தம்பி செத்தும் ஒரு பொய்யைச் சுமக்கணும். ரெண்டு வருஷமா எனக்கு விடை தெரியலைம்மா. நீ படிச்சவ. நீ சொல்லு, எந்தக் கட்டம்?"

கதவு மெல்லத் தட்டப்பட்டது. "ஸ்ரீ, அஞ்சு அம்பத்தி ரெண்டு. பிளேட்டுக்கு அனுப்பட்டுமா?"

யாராவது முடிவைக் கேட்டால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியே பழகியவள் ஸ்ரீமதி. இப்போது பார்ப்பதற்கு எதிரே ஒரு முகம்தான் இருந்தது. அந்த முகமோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம்ங்க," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் கவனித்தாள். ஜெபராணி நீட்டிய பேனா எப்போதோ தன் கைக்கு வந்திருந்தது.